தகட்டுக் கவசம்

தகட்டுக் கவசம் என்பது இரும்பு அல்லது எஃகுத் தகடுகளை அணிபவரின் உடல் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து, தறையாணிகளாலும் தோல் வார்களாலும் இணைத்துச் செய்யப்படும் காப்புடை ஆகும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் முழு வளர்ச்சி பெற்ற இது, துப்பாக்கியின் பயன்பாடு பெருகியபின் போர்க்களத்திலிருந்து படிப்படியாக மறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவில் உருவான நேரடி மோதல் விளையாட்டு ஒன்றின் வழியாக மீண்டும் புழக்கத்துக்கு வந்துள்ளது. இவ்விளையாட்டில் அடி பாவனை அன்று; மழுங்கிய எஃகு ஆயுதங்களால் வீரர்கள் உண்மையாகவே அடித்துக்கொள்கின்றனர். ஆகவே கவசம் இங்கு அலங்காரப் பொருள் அன்று, உயிர்க்காப்புக் கருவி ஆகும்.

தலை முதல் கால் வரை மூடும் ஐரோப்பிய முறைக் கவசம் தமிழகத்தில் வழக்கில் இருந்ததில்லை. ஆயினும் உலகப் புகழ் பெற்ற எஃகு உருவான சேலம், நாமக்கல் சமவெளியில் அது ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி, கவசம் என்னும் கருவியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கவசத்தின் காப்பாற்றல் இரும்பின் தடிமனைக் காட்டிலும், அது உடலில் எவ்வாறு அமர்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது.

பெயர்

கவசம் என்பது வடமொழிச் சொல். பழந்தமிழில் மெய்ம்மறை என்ற சொல் வழங்கியது. மெய்யை மறைப்பது என்பது இதன் பொருள். பதிற்றுப்பத்தில் சேர மன்னன் தன் வீரர்களுக்கு மெய்ம்மறையாக விளங்குபவன் எனப் புகழப்படுகிறான். வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசத்துக்குச் சாலிகை என்ற பெயரும் உண்டு.

பிற்காலத்தில் உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காக்குமாறு வேண்டும் பாடல் வகைக்கும் கவசம் என்றே பெயரிட்டனர். சென்னிமலையில் அரங்கேறியதாகக் கூறப்படும் கந்த சஷ்டி கவசம் இவ்வகையில் பலரும் அறிந்தது. கவசம் செய்யும் கொல்லரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் தலை, கழுத்து, தோள், மார்பு, முழங்கை, விரல் என்று அளவெடுக்கிறார். எந்த உறுப்பையும் விட்டுவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் பொதுவான விதி.

தமிழகத்தில் கவசம்

சேலம், நாமக்கல் சமவெளிக்குத் தெற்கே, காவிரிக்கு மறுகரையில் இருப்பது கருவூர், அதாவது இன்றைய கரூர். கவசம் பற்றிய பழந்தமிழ்க் குறிப்புகளுள் ஒன்று இவ்வூரோடு தொடர்புடையது. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியின் யானை மதம் பிடித்துக் கருவூருக்குள் புகுந்தபோது, சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையுடன் மாடத்தில் நின்ற புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது புறநானூற்றின் 13ஆம் பாடல். அதில் சோழன் அணிந்திருந்த புலித்தோல் கவசம் பகைவர் அம்பு பட்டுச் சிதைந்திருந்ததாகக் கூறப்படுகிறது. இரும்பு வளம் மிக்க நாட்டின் நடுவில், ஒரு மன்னனே தோல் கவசம் அணிந்திருந்தது கவனிக்கத்தக்கது.

விசயநகரக் காலத்தில் பஞ்சு அடைத்துத் தைத்த சட்டைகள் கவசமாகப் பயன்பட்டன. 1520ஆம் ஆண்டளவில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கேயப் பயணி தொமிங்கோ பாயசு, இத்தகைய மெத்தைச் சட்டை அணிந்த வீரர்களை விவரித்துள்ளார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் செல்லும்வரை சேலம் பகுதி திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவருடையவை எனக் கருதப்படும் தலைக்காப்புகளுள் பஞ்சு வைத்துத் தைத்தவையும் உள்ளன. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து கொண்டுவரப்பட்ட படைக்கலன்களைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.

மெத்தைச் சட்டையை ஏழைகளின் கவசம் என்று ஒதுக்குவது தவறு. வெட்டைத் தடுப்பதில் அடர்த்தியாகத் தைத்த பல மடிப்புத் துணி வியப்பூட்டும் திறன் கொண்டது. ஐரோப்பிய வீரரும் எஃகுத் தகட்டுக்கு உள்ளே இத்தகைய சட்டையையே அணிந்தார். அதில்லாத தகடு வெறும் மணி போன்றது. அடித்தால் அதிர்வு முழுவதும் உள்ளே இருப்பவருக்கே போய்ச் சேரும்.

சேலத்து எஃகு

சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை, காந்த இரும்புத்தாது நிறைந்த மலை ஆகும். இப்பகுதியில் சிறு உலைகளில் இரும்பு உருக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. இதன் மேற்கே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்விலும் இரும்பு, எஃகுத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக இருந்து, பின்னர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய சோசையா மார்சல் ஈத், இங்கு எஃகு செய்யப்பட்ட முறையை விவரித்துள்ளார். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரம் விறகுடன் களிமண் மூசையில் இட்டு, எருக்கு போன்ற செடிகளின் இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பர். விறகும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் கலந்து உருக்கெஃகு உண்டாகும். ஐரோப்பியர் இதை ஊட்சு என்றனர்.

இந்த எஃகில் கரியின் அளவு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். வாளின் கூருக்கு இது மிகச் சிறந்தது. ஆனால் கவசத் தகட்டுக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது. முதலாவதாக, மூசையிலிருந்து வருவது கைக்குள் அடங்கும் சிறு கட்டி. ஒரு மார்புத் தகட்டுக்கு வேண்டிய அகலம் அதில் இல்லை. இரண்டாவதாக, கரி மிகுந்த எஃகை ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் மட்டுமே அடித்து நீட்ட முடியும். அதற்கு மேலோ கீழோ போனால் நொறுங்கும். மெல்லிய தகடாகக் குழித்து எடுப்பது பெரும்பாடு. கவசத்துக்கு வேண்டியது கூர்மை அன்று. அடி வாங்கினால் உடையாமல், சற்றே வளைந்து மீளும் இயல்பு. வாளுக்கு நல்ல எஃகு கவசத்துக்கும் நல்லது என்ற பரவலான எண்ணம் சரியன்று.

இதனுடன் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிற்கும் எஃகுத் தகடு தொடமுடியாத அளவுக்குச் சுடும்.

விளையாட்டுக்காகச் செய்த கவசம்

நேரடி மோதல் விளையாட்டுக்கெனத் தனிக் கவசம் செய்வது புதிய வழக்கம் அன்று. ஐரோப்பிய அரசர்கள் போருக்கு ஒன்று, குதிரை மேல் ஈட்டிப் போட்டிக்கு ஒன்று, தரையில் நின்று பொரும் போட்டிக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கவசம் வைத்திருந்தனர். இவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்து மன்னர் எட்டாம் என்றிக்காக 1520இல் கிரீனிச்சுப் பட்டறையில் செய்யப்பட்ட தரைப்போட்டிக் கவசம். 235 துண்டுகளால் ஆன இதன் எடை 42 கிலோகிராமுக்கு மேல். அக்குள், முழங்கால் பின்புறம், பிட்டம் உட்பட உடலின் எந்த இடத்திலும் இடைவெளி விடாமல், அதே வேளையில் எல்லா மூட்டுகளும் மடங்கும்படி இது செய்யப்பட்டது. பிரான்சில் நடக்கவிருந்த போட்டிக்குச் சில மாதங்களே இருந்தபோது விதிகள் மாற்றப்பட்டதால் வேலை பாதியில் நிறுத்தப்பட்டு, வேறொரு கவசம் அவசரமாக ஒட்டுப்போட்டு உருவாக்கப்பட்டது. முடிக்கப்படாத அக்கவசம் இன்று லீட்சு நகர அரச ஆயுதக் காட்சியகத்தில் உள்ளது. மன்னரின் அன்றைய உடல் அளவுகளை இதிலிருந்து அறியலாம் என்பது, அளவெடுப்பு எவ்வளவு துல்லியமாக நடந்தது என்பதற்குச் சான்று.

இக்காலத்தில், 1966இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கிய ஓர் அமைப்பு பிரம்பு ஆயுதங்களைக் கொண்டு கவசச் சண்டைப் போட்டிகளை நடத்திவருகிறது. எஃகு ஆயுதங்களைப் பயன்படுத்தும் கடுமையான வடிவம் புகூர்ட் எனப்படுகிறது. இதன் பன்னாட்டுப் போட்டியான நாடுகளின் போர், 2010இல் உக்ரைனின் கோத்தின் கோட்டையில் நடைபெற்றது. பின்னர் தொடங்கிய மற்றொரு பன்னாட்டுக் கூட்டமைப்பின் உலகப் போட்டி 2014இல் எசுப்பானியாவின் பெல்மோந்தே கோட்டையில் நடந்தது.

குழுப் போட்டியில் பாதங்களைத் தவிர உடலின் வேறு பகுதி தரையைத் தொட்டால் வீரர் ஆட்டமிழப்பார். குத்துதல் தடை செய்யப்பட்டுள்ளது. கழுத்தின் பின்புறம், கவட்டை, முழங்காலின் பின்புறம், பாதம் ஆகியவற்றில் அடிப்பதும் கூடாது. ஆயுத விளிம்பு குறைந்தது 2 மிமீ தடிமனுடன் மழுங்கியதாக இருக்க வேண்டும். எதிராளியைக் கீழே தள்ளுவதே குறிக்கோள் என்பதால், அடியைப் போலவே விழுதலையும் கவசம் தாங்க வேண்டியுள்ளது.

அடியும் இடைவெளியும்

1.5 கிலோகிராம் எடையுள்ள கோடரித் தலை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 75 சூல் ஆகும். ஒப்பிட்டால், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் 160 கிராம் துடுப்பாட்டப் பந்தின் ஆற்றல் ஏறத்தாழ 121 சூல். ஆற்றல் மட்டும் ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அது எவ்வளவு பரப்பில், எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்தப்படுகிறது என்பதே முதன்மையானது.

அந்த 75 சூலை 1 செமீ தொலைவுக்குள் நிறுத்தினால் சராசரி விசை 7500 நியூட்டன். 3 செமீ தொலைவில் நிறுத்தினால் 2500 நியூட்டன் மட்டுமே. தகட்டுக்கும் எலும்புக்கும் இடையே இருக்கும் மெத்தையும் வெற்றிடமும்தான் இந்தத் தொலைவைத் தருகின்றன. மார்புத் தகடு முன்னோக்கிப் புடைத்திருப்பது அழகுக்காக அன்று. உடலோடு ஒட்டிய தட்டையான தகடு, அடியை நேரே விலா எலும்புக்குக் கடத்திவிடும். புடைத்த தகடு அடியை வழுக்கிவிடச் செய்வதுடன், நசுங்குவதற்கு இடமும் தருகிறது.

இதனால் நன்கு பொருந்தும் கவசம் என்பது எல்லா இடத்திலும் இறுக்கமான கவசம் என்று பொருள்படாது. சில இடங்களில் அது உடலைப் பற்ற வேண்டும். சில இடங்களில் விலகி நிற்க வேண்டும். ஆயத்தமாக விற்கும் கவசங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செய்கின்றன.

அளவெடுத்தல்

அளவு எப்போதும் உள்ளே அணியும் மெத்தைச் சட்டையின் மேலேயே எடுக்கப்படும். மார்புச் சுற்றளவு 96 செமீ உள்ள ஒருவர் 2 செமீ தடிமனுள்ள சட்டை அணிந்தால், வெளிச் சுற்றளவு சுமார் 12.5 செமீ கூடி 108 செமீக்கு மேல் ஆகிவிடும். சட்டை தயாராகும் முன்பே கவசத்துக்கு அளவு கொடுப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

மார்புத் தகடு இடுப்பு எலும்பு வரை நீளக் கூடாது. விலா முடியும் இடத்துக்குக் கீழே, உடல் குறுகும் இடையில் அது முடிய வேண்டும். நீண்டால் குனியும்போது தகட்டின் மேல்விளிம்பு தொண்டையில் இடிக்கும். தகடு இடையில் சரியாகப் பொருந்தினால் எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கும். இல்லையெனில் தோளிலேயே தொங்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் கையில் தொங்கவிட்டுச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

கை அளவுகளை, கையை நீட்டியும் மடக்கியும் இருமுறை எடுப்பர். முழங்கையை மடக்கும்போது வெளிப்புற நீளம் கூடுகிறது, புயத்தின் சுற்றளவும் பெருக்கிறது. நீட்டிய கைக்கு மட்டும் பொருந்தும் கவசம், வாளை ஓங்கும்போது பிடித்துக்கொள்ளும்.

மிகவும் நுட்பமானது மூட்டு அச்சு. முழங்காலில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வண்ணம் தறையாணியில் சுழல்கின்றன. கதவின் கீல் நிலையுடன் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு முட்டுவதுபோல, தறையாணியின் அச்சும் முழங்காலின் அச்சும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கவசம் மேலும் கீழும் இழுபடும். அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். மேலும், முழங்கால் மூடி விலகி நின்ற அந்த நொடியில் அடி விழுந்தால், மூடியால் பயனில்லை. ஒருவருக்குச் செய்த கால் கவசத்தை அதே உயரமுள்ள இன்னொருவர் அணிய முடியாமல் போவது இதனால்தான். இருவரின் உயரம் ஒன்றாக இருந்தாலும், முழங்கால் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை.

தொலைவில் இருப்பவருக்குச் செய்யும்போது, சட்டை அணிந்த உடலின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, உடல் வடிவம் பெற்றபின் வெட்டி எடுத்து, அந்தக் கூட்டைக் கொல்லருக்கு அனுப்பும் முறை உண்டு. நாடாவால் ஆன அக்கூடு, எண்களால் சொல்ல முடியாத தோளின் சரிவையும் முதுகின் வளைவையும் காட்டிவிடும்.

தகடும் பட்டறையும்

ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, 1 மிமீ தடிமனுக்கு 7.85 கிலோகிராம் எடை கொண்டது. இந்தியப் பட்டறைகளில் 18 கேஜ் எனப்படுவது ஏறத்தாழ 1.2 மிமீ, 16 கேஜ் 1.6 மிமீ, 14 கேஜ் 2 மிமீ. மென்னெஃகில் கை கால்களுக்கு 16 கேஜும் தலைக்கவசத்துக்கு 14 கேஜோ அதனினும் தடித்ததோ தேவைப்படும். பட்டறைகளில் ஸ்பிரிங் ஸ்டீல் எனப்படும் வில்லெஃகை வெப்பப் பதனம் செய்தால், மெல்லிய தகடே அதே வலிமையைத் தரும். எனவே முழுக் கவசத்தின் எடை பொதுவாக 25 முதல் 35 கிலோகிராமுக்குள் அமைகிறது. எடை குறைந்த தைட்டானியத்தையும் சிலர் பயன்படுத்துகின்றனர்.

1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் சிறப்பு துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஆகும். பாத்திரங்களில் பரவலாகப் பயன்படும் 304 வகை வெப்பப் பதனத்தால் கடினமாவதில்லை என்பதால், துருவிலிருந்து விடுதலை தந்தாலும் எடையைக் குறைக்க அது உதவாது. சுமையுந்தின் வில்பட்டையை அடித்துக் கவசம் செய்யலாமா என்ற ஐயமும் எழக்கூடும். எஃகின் தரம் பொருத்தமானதே. ஆனால் பட்டையின் தடிமன் மிக அதிகம். அரிவாளுக்கு உகந்தது, கவசத்துக்கு அன்று.

செய்முறையில் முதலில் அட்டையில் வரைவு வெட்டி, உடலில் வைத்துப் பார்ப்பர். பின்னர் தகட்டை வெட்டி, மரக்கட்டையில் குடைந்த குழியின்மேல் வைத்து உருண்டை முகச் சுத்தியலால் குழிப்பர். ஆழம் மிக வேண்டிய முழங்கால் மூடி, தலைக்கவசம் போன்றவற்றை அடைகல்லின்மேல் கவிழ்த்து, விளிம்பிலிருந்து சுருக்கி எழுப்புவர். அடிக்க அடிக்கத் தகடு கடினமாவதால், இடையிடையே சிவக்கக் காய்ச்சி ஆறவிடுவது அவசியம். கடைசியில் மேடுபள்ளங்களைத் தட்டிச் சமமாக்கி, விளிம்பை மடித்து, தறையாணியும் வாரும் பொருத்துவர். வில்லெஃகு எனில், எல்லாத் துளைகளும் இட்டபின்னரே வெப்பப் பதனம் செய்யப்படும். அப்போது தகடு சற்று முறுக்கிக்கொள்ளும் என்பதால் மறுபடியும் உடலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வேலைகளில் பெரும்பாலானவை நாமக்கல்லுக்குப் புதியவை அல்ல. சுமையுந்துக் கூண்டு கட்டுவதற்குப் பெயர் பெற்ற நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்குப் பெயர் பெற்ற திருச்செங்கோட்டிலும், தகட்டை அளந்து வெட்டி, வளைத்து, பொருத்துவது அன்றாடத் தொழில். டிங்கர் என அழைக்கப்படும் தொழிலாளர் நசுங்கிய தகட்டின் பின்புறம் இரும்புக் கட்டையைத் தாங்கி, முன்புறம் சுத்தியலால் தட்டிச் சமமாக்கும் முறைக்கும், கவசக் கொல்லர் தகட்டைச் சமமாக்கும் முறைக்கும் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபடுவது அளவெடுக்கும் பொருள் மட்டுமே. வண்டி அசையாமல் நிற்கும், உடல் மடங்கும்.

இந்தியாவில் வாள், கவசங்களை ஏற்றுமதிக்காகச் செய்யும் நிறுவனங்கள் டேராடூன், மீரட் போன்ற வட இந்திய நகரங்களில் உள்ளன. மேடைக்கும் திரைப்படத்துக்கும் காட்சிக்கும் செய்த கவசம் மோதலுக்கு ஏற்றதன்று. மெல்லிய தகடு, ஒப்புக்கு வைத்த தறையாணி, உள்மெத்தை இல்லாத தலைக்கவசம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

கவசம் காக்காதவை

தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். மூளை அதிர்வை முழுமையாகத் தடுக்காது. தலை திடீரெனத் திரும்பும்போது மூளை உள்ளே அசைவதை எந்தத் தகடும் நிறுத்த முடியாது. தலைக்கவசம் உச்சியிலும் நெற்றியிலும் மெத்தையின்மேல் மட்டுமே அமர்ந்து, தாடை வாரால் இறுகக் கட்டப்பட்டு, தலையோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். தனியாகச் சுழலும் தலைக்கவசம் முகத்தில் இடிப்பதோடு, பார்வைப் பிளவையும் கண்ணைவிட்டு விலக்கிவிடும். மயக்கம், குமட்டல், பார்வை மங்கல் ஏற்பட்டவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது.

அடுத்தது களைப்பு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 30 முதல் 50 கிலோகிராம் எடையுள்ள கவசம் அணிந்தவர்கள் ஓடுபொறியில் நடக்க, சாதாரணமாக நடப்பதைவிட இரு மடங்குக்கும் மேலான ஆற்றல் தேவைப்பட்டது. காலில் கட்டிய எடையை ஒவ்வொரு அடிக்கும் வீசவேண்டியிருப்பதும், மார்புத் தகடு மூச்சை ஆழமாக இழுக்க விடாததும் இதற்குக் காரணங்கள். முதுகில் அதே எடையைச் சுமப்பதைக் காட்டிலும் இது கடினம்.

சேலம் போன்ற வெப்பச் சமவெளியில் இச்சிக்கல் பன்மடங்காகிறது. மெத்தைச் சட்டை வியர்வை ஆவியாவதைத் தடுப்பதால் உடல் குளிர்வதற்கு வழியில்லை. மார்கழி, தை மாதங்களில், காலை வேளையில், சில நிமிடச் சுற்றுகளாக மட்டும் பயிற்சி செய்வதும், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உப்புக் கலந்த நீர் அருந்துவதும் பாதுகாப்பானவை. தலைக்கவசத்தையும் மார்புத் தகட்டையும் அருகில் நிற்பவர் ஒரு நிமிடத்துக்குள் கழற்ற முடியுமாறு வார்களும் கொக்கிகளும் அமைய வேண்டும். மயங்கி விழுந்தவரின் கவசத்தைக் கழற்றத் தெரியாமல் தடுமாறும் நேரமே இவ்விளையாட்டில் மிக ஆபத்தான நேரம் ஆகும்.